இரண்டு அறை வீட்டுக்குப் பெயின்ற் அடிக்க எத்தனை நாள்?

“நாலு நாளில முடிச்சுத் தாறன்” என்று பெயின்ரர் சொன்னால் அது பொய்யில்லை. பெயின்ற் அடிக்கிற நாளை மட்டும் அவர் எண்ணுகிறார். சுவர் சுரண்டுகிற நாள், கழுவின சுவர் காய்கிற நாள், வெடிப்பு அடைக்கப் பூசின பில்லரை உரஞ்சுகிற நாள், யன்னல் கம்பிக்கு மூன்று தரம் பிறஷ் போடுகிற நாள் எல்லாம் அந்தக் கணக்கில் வராது. வீட்டுக்காரர் ஐந்தாம் நாள் சாமான் ஏற்றின லாண்ட்மாஸ்ரரோடு (இரண்டு சில்லு உழவு இயந்திரம்) வாசலில் வந்து நிற்பார். உள்ளே சாமியறைச் சுவர் அப்போதுதான் இரண்டாம் கோற்றுக்கு, அதாவது இரண்டாம் தரப் பூச்சுக்கு, காத்திருக்கும்.

ஊகத்தை விட்டுவிட்டு ஒரு வீட்டை அளந்தே பார்ப்போம். தொடர்மாடியில் இரண்டு அறை வீடு. ஹோல் 14க்கு 12 அடி, பெரிய அறை 12க்கு 10, மற்ற அறை 10க்கு 10, குசினி 8க்கு 8, பாத்ரூம் 7க்கு 5. சுவர் உயரம் 10 அடி. அறையின் நாலு பக்க நீளத்தையும் கூட்டி உயரத்தால் பெருக்கினால் ஹோலுக்கு 520 சதுர அடி, அறைகளுக்கு 440, 400, குசினிக்கு 320. பாத்ரூமில் 7 அடிவரை ரைல் இருந்தால் மேலே மிஞ்சுகிற 3 அடிக்கு 72. எல்லாம் சேர்த்து 1,752. இதில் கதவையும் யன்னலையும் கழிக்க வேண்டும். கதவு ஒன்று 21 சதுர அடி, யன்னல் ஒன்று 16. இரண்டு அறைக்கு நடுவில் நிற்கிற கதவை இரண்டு பக்கமும் கழிக்க வேண்டும். பலர் ஒரு பக்கத்தோடு விட்டுவிடுகிறார்கள். குசினி ரைலும் போக, சுவர் 1,500 சதுர அடி அளவில் நிற்கும். மேலே கொங்கிறீற் தட்டு 490. ஆக 500 சதுர அடி கூட இல்லாத வீட்டில் பெயின்ற் படுகிற பரப்பு 2,000 சதுர அடி. “சின்ன இடம்தானே” என்ற நினைப்பு முதலில் அடிபடுகிற இடம் இது.

இனி நேரம். பழைய எமல்ஷன் (தண்ணீர் கலந்து அடிக்கிற சுவர்ப் பெயின்ற்) உள்ள, பெரிய பழுதில்லாத சுவர், வேலை தெரிந்த ஆள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாமான் நகர்த்தி மூடுவதும் கடைசியில் துப்புரவாக்குவதும் 6 மணித்தியாலம். ஒட்டடை தட்டி, சுரண்டி, கழுவி, வெடிப்பு அடைத்து, உரஞ்ச 24. மேல்தட்டுக்கு இரண்டு கோற் 8. சுவருக்கு அடிப்பூச்சு, அதாவது பிறைமரோ பில்லரோ, 10. முதலாம் கோற் 12, இரண்டாம் கோற் 10. கதவும் நிலையும் 12. யன்னல் கம்பி 9. கூட்டினால் 91 மணித்தியாலம். இரண்டு பேர் நாளுக்கு 8 மணித்தியாலம் நின்றால் ஆறு நாள். இந்த 91இல் நீங்கள் கடையில் நின்று நிற அட்டையைப் புரட்டித் தெரிவு செய்த அந்த நிறம் சுவரில் ஏறுகிற நேரம் 22 மணித்தியாலம்தான். கால்வாசியும் இல்லை.

கைப்பழக்கம் இல்லாதவர் தானே செய்தால் ஒன்றரை மடங்கு போடுங்கள். தனியாளாக, சனி ஞாயிறு மட்டும், நாளுக்கு ஏழு மணித்தியாலம் என்றால் பத்து வாரம். பயமுறுத்த எழுதவில்லை, பெருக்கிப் பார்த்தால் அப்படித்தான் வருகிறது. ஆட்கள் உள்ளே குடியிருக்கிற வீடு என்றால் கட்டிலையும் அலுமாரியையும் அறைக்கு அறை தள்ளுவதிலேயே இன்னும் இரண்டு மூன்று நாள் போய்விடும். அப்படியான வீட்டில் ஒவ்வொரு அறையாக முழுதும் முடித்துக்கொண்டு போவது நல்லது. வெறும் வீட்டில் எதிர்மாறு: எல்லா அறைக்கும் ஒரே வேலையைச் சேர்த்துச் செய்தால், கடைசி அறை முடிகிறபோது முதல் அறை காய்ந்திருக்கும்.

சுவரைத் தெரிந்துகொள்ளாமல் நாள் சொல்லக்கூடாது. அதற்கு மூன்று சோதனை போதும், பத்து நிமிட வேலை. உள்ளங்கையால் சுவரைத் தடவிப் பாருங்கள். வெள்ளைத் தூள் அப்பினால் அது சுண்ணாம்பு, அல்லது உதிரத் தொடங்கின பழைய மலிவுப் பெயின்ற். பிளேட்டால் சிறிய கட்டம் கட்டமாகக் கீறி, செலோரேப் ஒட்டி ஒரே இழுப்பில் இழுங்கள். ரேப்போடு பெயின்ற் வந்தால் அதன்மேல் என்ன அடித்தாலும் அதோடு சேர்ந்து பிறகு வரும். குசினியிலும் விறாந்தையிலும் சுவரின் அடிப்பாதிக்கு எண்ணெய்ப் பெயின்ற் அடிக்கிற வழக்கம் இருந்தது. அந்தப் பகுதியை மெதிலேற்றட் ஸ்பிரிற் தொட்ட துணியால் தேயுங்கள். எமல்ஷன் இளகித் துணியில் ஒட்டும், எண்ணெய்ப் பெயின்ற் அசையாது. அசையாவிட்டால் 120ஆம் நம்பர் சான்ட் பேப்பரால் மினுக்கம் போக உரஞ்சிப் பிறைமர் அடித்த பிறகுதான் எமல்ஷன் பிடிக்கும். அப்படியே அடித்தால் சில மாதத்தில் நகத்தால் உரிக்கலாம்.

சுண்ணாம்புச் சுவர் தனிக்கதை. பழைய கல்வீட்டின் ஒரு பகுதியைப் பிரித்து வாடகைக்கு விடுகிற இடங்களில் வருடா வருடம் அடித்த சுண்ணாம்பு ஏடு ஏடாக இருக்கும். நேரே எமல்ஷன் அடித்தால் காய்கிற பெயின்ற் இறுகி, அடியிலுள்ள தளர்ந்த சுண்ணாம்பையும் இழுத்துக்கொண்டு பாளம் பாளமாகக் கழரும். முழுக்கச் சுரண்டிக் கழுவி, காயவிட்டு, சுண்ணாம்பின் காரத்தன்மையைத் தாங்குகிற எண்ணெய் அடிப்படைப் பிறைமர் அடிக்க வேண்டும். 1,500 சதுர அடிக்குச் சுரண்டல் மட்டும் இரண்டு பேருக்கு மூன்று நாலு நாள். நிலத்தீரம் ஏறுகிற பழைய சுவர் என்றால் என் அபிப்பிராயம், திரும்பவும் சுண்ணாம்பே அடியுங்கள். சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விடும். சுவரும் தப்பும், காசும் மிச்சம்.

புதுச் சுவருக்கு எதிர்ப்பக்கத் தொல்லை. சீமெந்துப் பூச்சு முடிந்து 28 நாள் குறைந்தது பொறுக்க வேண்டும். ஈரம் ஒரு காரணம், சீமெந்தின் காரம் இன்னொரு காரணம். காரம் தணியாத சுவரில் நிறம் வெளிறித் திட்டுத் திட்டாகும். ஐப்பசி, கார்த்திகையில் பூசின சுவருக்கு ஆறு எட்டு வாரம் கொடுத்தாலும் அதிகமில்லை. பிறகு சுவரை வழுவழுப்பாக்குகிற வோல் பட்டி வைப்பதென்றால் இரண்டு மெல்லிய கோற்றுக்கு கிலோவுக்கு 10, 12 சதுர அடி பிடிக்கும். நம் வீட்டுக்கு 20 கிலோப் பை ஏழு. இரண்டு பேருக்கு இன்னும் மூன்று நாலு நாள், அதில் உரஞ்சுகிற நாள்தான் மோசம். வீடு முழுக்க வெண்தூசி. மூக்கு மூடி போடாமல் அந்த வேலைக்கு இறங்கக்கூடாது.

உப்புப் பூக்கிற சுவரை எல்லாரும் தவறாகக் கையாள்கிறார்கள். கடற்கரை மண்ணோ உவர்க் கிணற்றுத் தண்ணீரோ கலந்து கட்டின சுவரில் ஈரம் வெளியேறுகிறபோது உப்பு மேலே வந்து பஞ்சுபோலப் பூக்கும். யாழ்ப்பாணத்தில் தீவுப்பகுதியிலும் கரையோரத்திலும் இது சாதாரணம். ஈரத் துணியால் துடைத்தால் உப்பு கரைந்து மறுபடி உள்ளே போகும், அடுத்த வாரம் பூக்கும். காய்ந்த பிறஷால் தட்டிக் கூட்டி அள்ளி வெளியே கொட்டுங்கள். ஒரு வாரம் விட்டுப் பாருங்கள். மறுபடி பூத்தால் மறுபடி தட்டுங்கள். பூப்பது நின்ற பிறகுதான் பிறைமர். கூரையாலோ குழாயாலோ தண்ணீர் வருகிற வழி திறந்திருக்கும்வரை பூப்பு நிற்காது. அந்தச் சுவரில் பெயின்ற் செலவு வீண் செலவு.

ஈரம் இருக்கிறதா என்று தெரியாவிட்டால் ஒரு அடிக்கு ஒரு அடி பொலித்தீன் துண்டை நாலு ஓரமும் காற்றுப் புகாமல் ரேப்பால் ஒட்டி ஒரு முழு நாள் விடுங்கள். உட்பக்கம் வேர்த்திருந்தால் ஈரம் சுவருக்குள் இருக்கிறது. வெளிப்பக்கம் வேர்த்திருந்தால் அறைக் காற்றில் இருக்கிறது. யன்னலைத் திறந்து வைத்தால் சரி.

இந்தச் சோதனை யாருக்கும் அதிகம் தேவைப்படுவது மார்கழியில். யாழ்ப்பாணத்துக்கு மழை பெரும்பாலும் ஒக்ரோபர் தொடக்கம் டிசம்பர் வரை வாடைக்காற்றோடு வருகிறது. வடக்கு, கிழக்குப் பக்கச் சுவர்கள் மூன்று மாதம் நனைகின்றன. ஜனவரி 14 அல்லது 15 பொங்கல். அதற்கு முதல் வீடு புதுசாக வேண்டும் என்று மார்கழிக் கடைசியில் ஊரே பிறஷ் தூக்குகிறது. வருடத்திலேயே சுவர் ஆகக் கூடுதலாக ஈரம் குடித்திருக்கிற வாரங்களில் எல்லாரும் அதை மூடிப் பூசுகிறோம். பங்குனி வெயிலில் கொப்பளம் வந்தால் பெயின்ற் கொம்பனியைத் திட்டுகிறோம். பொங்கலுக்கு வாசல் பக்கத்தையும் ஹோலையும் மட்டும் அடித்துவிட்டு, மற்ற அறைகளை மாசி, பங்குனிக்கு விடுவது புத்தி. நல்லூர்த் திருவிழாவுக்கு முதல் அடிப்பவர்களுக்குச் சுவர் காய்ந்து கிடக்கும். அவர்களுக்கு வேறு பிரச்சினை: சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று. அதற்குப் பிறகு வருகிறேன்.

கழுவுகிற வேலைக்கு வருவோம். படுக்கையறைச் சுவருக்கு தும்புத்தடியும் ஈரத் துணியும் போதும். குசினிக்குப் போதாது. தாளிதமும் பொரியலும் விட்ட எண்ணெய்ப் புகை அடுப்புக்கு மேலே பிசுபிசுப்பாகப் படிந்திருக்கும். சலவைத்தூள் கரைத்த சுடுதண்ணீரால் தேய்த்து, நல்ல தண்ணீரால் இரண்டு தரம் கழுவ வேண்டும். சாமியறையில் விளக்குப் புகையும் கற்பூரக் கரியும் சாம்பிராணிப் புகையும் சேர்ந்து சுவரில் ஊறியிருக்கும். கழுவினாலும் கறை முழுக்கப் போகாது. அதன்மேல் எமல்ஷன் அடித்தால் அதிலுள்ள தண்ணீர் கறையைக் கரைத்து மேலே கொண்டுவரும். மூன்று கோற் அடித்தாலும் மண்ணிறத் திட்டு எட்டிப் பார்க்கும். அந்த இடத்துக்கு மட்டும் எண்ணெய் அடிப்படையிலான கறை மறைக்கும் பிறைமர் ஒரு கோற், ஓரிரவு காயவிட்டு, பிறகு எமல்ஷன். பாத்ரூம் மூலையில் கறுத்த பூஞ்சணம் இருந்தால் ஒரு பங்கு பிளீச்சுக்கு மூன்று பங்கு தண்ணீர், கால் மணித்தியாலம் ஊறவிட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். கையுறை போடுங்கள், யன்னலைத் திறவுங்கள், வேறு எந்தக் கழுவு மருந்தையும் அதோடு கலக்காதீர்கள். பூஞ்சணத்தைக் கொல்லாமல் மேலே பெயின்ற் அடித்தால் அது பெயின்ற்றுக்குள்ளாலேயே மேலே வரும்.

வெடிப்பு அடைக்கிறபோது வெடிப்பை முதலில் பெருப்பிக்க வேண்டும். மயிர்க்கோடு போன்ற வெடிப்பின்மேல் பில்லரைத் தடவினால் உள்ளே போகாது. சுரண்டுகிற கத்தி முனையால் ‘வி’ வடிவில் கீறித் திறந்து, தூசி தட்டி, கொஞ்சம் ஈரமாக்கி, அழுத்தி நிரப்புங்கள். ஆழமான ஓட்டையை ஒரே தரத்தில் நிரப்பினால் காய்கிறபோது நடுவில் குழி விழும், இரண்டு தரமாக. காய்ந்ததும் 120ஆம் நம்பர் பேப்பரால் உரஞ்சி, ஒரு ரோர்ச்சைச் சுவரோடு சாய்த்துப் பிடியுங்கள். மேடு பள்ளம் எல்லாம் நிழலாகத் தெரியும். அடைத்த இடத்துக்குப் பிறைமர் தொடாமல் விட்டால் அந்தத் திட்டு பெயின்ற்றை உறிஞ்சி மங்கலாக நிற்கும். பிறகு எத்தனை கோற் அடித்தாலும் பக்கவாட்டு வெளிச்சத்தில் காட்டிக்கொடுக்கும்.

உரஞ்சுகிறபோது இரண்டு இடத்தில் கவனம். பழைய கதவில், நிலையில், கம்பியில் உள்ள எனாமலில், அதாவது மினுங்குகிற எண்ணெய்ப் பெயின்ற்றில், ஈயம் இருக்கலாம். இலங்கையில் பெயின்ற்றில் ஈயத்துக்கு எல்லை வைக்கிற விதி 2013இல்தான் நடைமுறைக்கு வந்தது. தூசி பறக்காமல் தண்ணீர் தொட்டு உரஞ்சுங்கள், சிறுபிள்ளைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள். மேலே அடித்திருக்கிற தகடு அஸ்பெஸ்ரஸ் என்றால் உரஞ்சவே வேண்டாம். ஈரத் துணியால் துடைத்துவிட்டு அப்படியே பெயின்ற் அடியுங்கள்.

எவ்வளவு வாங்குவது? பேணியில் போட்டிருக்கிற பரப்பு வழுவழுப்பான சுவருக்குரிய கணக்கு. நம் சுவரில் லீற்றருக்கு 100 தொடக்கம் 120 சதுர அடி, ஒரு கோற்றுக்கு. 1,500ஐ இரண்டு கோற்றுக்கு 3,000 ஆக்கினால் 25 தொடக்கம் 30 லீற்றர். மேல்தட்டுக்கு வெள்ளை 10 லீற்றர், அடிப்பூச்சு 15, கதவுக்கும் நிலைக்கும் எனாமல் 4 லீற்றர்ப் பேணி ஒன்று. மெசினில் கலக்குகிற நிறத்தை முழுவதையும் ஒரே நாளில் வாங்குங்கள். கலந்ததைக் கடை திருப்பி எடுக்காது, இன்னொரு நாள் கலந்தது அச்சொட்டாக ஒத்தும் வராது. வாங்கினதையும் ஒரு பெரிய வாளியில் ஒன்றாக்கிக் கலக்கிவிட்டு அடித்தால் ஹோலின் நடுச்சுவரில் நிறம் மாறாது. நம் ஊருக்குப் பிடித்த கடும் மஞ்சளும் சிவப்பும் மறைப்புக் குறைந்த நிறங்கள், மூன்றாம் கோற் கேட்கும். பழைய கடும் நீலத்தின்மேல் வெள்ளை அடிப்பதற்கும் அதே கதி. மூன்றாம் கோற் என்றால் இன்னும் ஒரு நாள், இன்னும் 13, 14 லீற்றர்.

எமல்ஷனில் கலக்கிற தண்ணீர் குடிக்கிற தண்ணீராக இருக்கட்டும். உவர்க் கிணற்று நீரை ஊற்றி, உப்பை நாமே சுவருக்குள் அனுப்ப வேண்டியதில்லை. அளவு பேணியில் எழுதியிருக்கும். முதலாம் கோற்றுக்கு மட்டும் கொஞ்சம் கூடுதலாக விடலாம். கணக்கில் மிச்சம் பிடிக்க இரண்டாம் கோற்றையும் தண்ணீராக்குகிறவர்கள் உண்டு. சுவரைத் துடைத்தால் துணியில் நிறம் வந்தால் காரணம் அதுதான்.

அடிக்கிற ஒழுங்கு: மேல்தட்டு, சுவர், கடைசியில் கதவு, நிலை. அதற்கு முதல் மெயின் சுவிச்சை நிற்பாட்டி, சுவிச் மூடிகளையும் மின்விசிறியின் மேற்கிண்ணத்தையும் கழற்றுங்கள். அதைச் சுற்றிப் பிறஷால் வளைத்து வளைத்து அடிக்கிற நேரத்தில் பாதியில் கழற்றிப் பூட்டலாம். இரண்டரை அங்குலப் பிறஷால் ஓரங்களை மூன்று அங்குல அகலத்துக்கு வெட்டி எடுத்து, அது காய முதலே ஒன்பது அங்குல றோலரால் நடுவை நிரப்ப வேண்டும். ஒருவர் ஓரம் வெட்ட, மற்றவர் பின்னால் றோலரோடு வருவதுதான் இரண்டு பேர் வேலையின் முழுப் பலன். வீடு முழுக்க ஓரம் வெட்டிவிட்டுப் பிறகு றோலர் எடுத்தால் சுவரைச் சுற்றிப் படச்சட்டம் மாதிரி ஒரு கோடு நிற்கும். புது றோலரை ஒருதரம் ரேப்பில் உருட்டி எடுங்கள், இல்லாவிட்டால் அதன் மயிர் சுவரில் இருக்கும். மாஸ்கிங் ரேப்பை இரண்டாம் கோற் ஈரமாக இருக்கும்போதே இழுங்கள். முழுக்கக் காய்ந்த பிறகு இழுத்தால் ஓரம் பிய்ந்துகொண்டு வரும்.

ஒரு கோற்றுக்கும் அடுத்ததற்கும் இடையில் வெயில் காலத்தில் இரண்டு தொடக்கம் நாலு மணித்தியாலம் போதும். கார்த்திகையில் காலையில் அடித்தது பின்னேரமும் தொட்டால் குளிரும்; இரண்டாம் கோற்றை அடுத்த நாளுக்கு விடுவதுதான் வழி. அரைகுறையாகக் காய்ந்திருக்கும்போது அடித்தால் றோலர் முதலாம் கோற்றையும் பிரட்டி எடுக்கும்.

இப்போது சோளகம். ஆனி, ஆடியில் யன்னல் திறந்த அறையில் காற்று அடிக்கிற வேகத்துக்கு எமல்ஷன் கைக்கு முன்னே காய்ந்துவிடும். ஒரு பட்டியும் அடுத்த பட்டியும் சேருகிற இடம் கோடு கோடாகத் தெரியும். சோளகம் வருகிற பக்க யன்னலை மட்டும் சாத்தி, சுவரை மூலையிலிருந்து மூலைவரை நிறுத்தாமல் முடியுங்கள். தேத்தண்ணிக்கு இறங்குவதென்றால் மூலையில் இறங்குங்கள், நடுச்சுவரில் வேண்டாம். எனாமலுக்கு இதைவிட மோசம். வலிகாமத்துச் செம்மண் தூசி ஈரக் கதவில் வந்து குந்தினால் மறுநாள் சான்ட் பேப்பர் மாதிரி இருக்கும். விடியக் காத்து எழும்ப முதல், நிலத்தைத் தண்ணீர் தெளித்துக் கூட்டிவிட்டு, கதவை அடித்து முடியுங்கள். எனாமல் கோற்றுகளுக்கு இடையில் ஓரிரவு வேண்டும், இடையில் 220ஆம் நம்பர் பேப்பரால் மெல்ல ஒரு உரஞ்சல். தடிப்பாக ஒரே கோற்றில் முடிக்கப் பார்த்தால் மேல்தோல் காய்ந்து உள்ளே பச்சையாக நின்று சுருங்கும்.

யன்னல் கம்பியைப் பற்றி யாரும் நாள் கணக்கில் பேசுவதில்லை. 4க்கு 4 அடிக் கம்பிக்கூட்டுக்கு ஒரு கோற் முக்கால் மணித்தியாலம். நாலு யன்னல், துருவைத் தடுக்கிற றெட் ஒக்சைட் ஒரு கோற், எனாமல் இரண்டு கோற்: அதுதான் மேலே சொன்ன 9 மணித்தியாலம். குருநகர், பாசையூர்ப் பக்கம் கடற்காற்றில் துரு ஏறின கம்பி என்றால் கம்பிப் பிறஷால் துருவை எடுக்க இன்னும் அரை நாள். துருவின்மேல் அடித்த எனாமல் அடுத்த மாரிக்குள் பொருக்காகக் கழரும்.

கூலி பேசும்போது நாள் கூலியா, சதுர அடிக் கணக்கா என்பது நாட்களையும் மாற்றும். சதுர அடிக்குப் பேசினவர் காயக் காத்திருக்கிற நேரம் அவருக்கு நட்டம், அதனால் அவசரப்படுவார். நாள் கூலிக்காரருக்கு எதிர்மாறு. எந்த முறையானாலும் எத்தனை கோற், சுரண்டலும் பில்லரும் உள்ளடக்கமா, யன்னல் கதவு பரப்பு கழிக்கப்படுமா, கம்பி தனிக்கணக்கா என்ற நாலு கேள்வியையும் முதல் நாளே கேட்டு எழுதி வையுங்கள். இரண்டு வீட்டை ஒரே நேரத்தில் ஒப்புக்கொண்ட பெயின்ரர் என்றால் காய்கிற நேரத்தில் மற்ற வீட்டுக்குப் போவார். அது தவறில்லை, திரும்பி வருகிற நாளைச் சொன்னால்.

எமல்ஷன் முடிந்த அறையில் யன்னலைத் திறந்துவிட்டு அன்றிரவே படுக்கலாம். எனாமல் மணம் போக இரண்டு நாள் வேண்டும், மூச்சிளைப்பு உள்ளவர்கள் இருந்தால் இன்னும் கூட. அலுமாரியைச் சுவரோடு ஒட்டித் தள்ள ஒரு வாரம் பொறுங்கள். சுவரைக் கழுவித் துடைக்க ஒரு மாதம். மிஞ்சின பெயின்ற்றைச் சிறிய போத்தலில் விளிம்புவரை நிரப்பி, காற்று இல்லாமல் மூடி, நிற நம்பரையும் எந்த அறை என்பதையும் எழுதி ஒட்டி வையுங்கள். சாமான் ஏற்றுகிற அன்றே கட்டில் கால் சுவரில் ஒரு கீறல் போடும். அந்தப் போத்தல் அன்றைக்கே தேவைப்படும்.